சிறார்களுக்கான அரசுச் சேவைகள்: ஒரு தாய்மாமனின் மதிப்புரை

என் தங்கை மகனுக்காக 2024 ஆகஸ்ட் முதல் 2025 டிசம்பர் வரை அரசின் சிறார் நீதி அமைப்பிலும் அதையொட்டிய நலத்திட்ட அலுவலகங்களிலும் ஏறி இறங்கியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். மதுரை கோ. புதூர் தொழிற்பேட்டையை ஒட்டி ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்ப்பவர் ஒருவரின் அண்ணன் மகன் அண்மையில் இதே போன்ற வழக்கில் பிடிபட்டான். "அங்க கொண்டு போனா எப்படிண்ணே நடத்துவாங்க? அடிப்பாங்களா? வெளியே வந்தா எவன்ணே வேலை குடுப்பான்?" என்று அவர் கேட்டதற்கு ஒரு மணி நேரம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். பையனின் பெயரையோ, குடியிருந்த தெருவையோ, படித்த பள்ளியையோ சொல்லப் போவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது என்பது ஒரு காரணம். இதை அவனும் படிப்பான் என்பது இன்னொரு காரணம்.

பையனின் தகப்பன் அவன் ஆறாவது படிக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தங்கை ஓர் அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்; காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். பத்தாம் வகுப்பின் நடுவில் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தியது அவளுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பதினெட்டு வயதைத் தாண்டிய இரண்டு பேருடன் பைக்கில் சுற்றியவன், ஒரு மாலையில் நடந்து போன ஒருவரின் செல்போனை முன்னால் இருந்தவன் பறித்தபோது பின்னால் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு வயது 16.

சேவையின் முதல் படி காவல் நிலையம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும், சிறாரின் வீட்டு நிலையை விசாரித்துக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். விதிகளின்படி கைவிலங்கு கூடாது. சிறாரோடு பேசும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது: கொடுங்குற்றம் அல்லாத வழக்குகளில் சிறார் மீது பொதுவாக முதல் தகவல் அறிக்கையே பதிவாவதில்லை. பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தால் பதிவாகும். எங்கள் பையன் மாட்டியது அந்த விதிவிலக்கில்தான்.

நடைமுறையில் நடந்தது வேறு. இரவு முழுவதும் அவனை நிலையத்தின் மர பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் சீருடையில்தான் இருந்தார்கள். அம்மாவின் போன் எண்ணை அவன் மாலையிலேயே சொல்லியும் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் தங்கைக்கு அழைப்பு வந்தது. 24 மணி நேரக் கெடுவை மட்டும் தவறாமல் காத்தார்கள். அடித்தார்களா என்ற கேள்விக்கு அவன் இன்றுவரை நேராகப் பதில் சொன்னதில்லை. நான் போய் நின்றபோது ஒருவர் பையனைப் பார்க்காமலேயே, "எந்தப் பக்கம்? ஓ, அந்த ஏரியாப் பசங்களா" என்றார்.

அந்த ஒரு சொல் எனக்குள் கிளப்பியதை இங்கே சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்தவன். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். பிறந்த சாதியைக் கொண்டே ஒருவரைக் குற்றவாளி என்று பதிந்து, கைரேகை எடுத்து, இரவில் ஊரை விட்டு அகலாமல் கட்டிப்போட்ட சட்டம் அது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1920 ஏப்ரல் 3 அன்று. குற்றம் செய்த குழந்தையைப் பெரியவர்களோடு சேர்த்துத் தண்டிக்கக் கூடாது, தனியாகத் திருத்த வேண்டும் என்று இந்தியாவிலேயே முதன்முதலாகச் சொன்ன சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டமும் அதே 1920-ஆம் ஆண்டைச் சேர்ந்ததுதான். ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஒரு கையால் குழந்தையைத் தனியாகப் பார்க்கவும் மறு கையால் ஒரு ஊரையே மொத்தமாகப் பார்க்கவும் செய்திருக்கிறது. நூறு ஆண்டு கழித்தும் நிலையத்தில் ஒரு கையும் குழுமத்தில் இன்னொரு கையும் வேலை செய்வதை நான் ஒரே நாளில் பார்த்தேன்.

குழுமத்தைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். நீதிமன்றம் என்று நினைத்துக்கொண்டு பயந்தபடி போனோம். அங்கே உயரமான மேடையோ கூண்டோ இல்லை. ஒரு நீள மேசை, அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் நீதித்துறை நடுவர், இரு பக்கமும் சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அம்மையார் பையனிடம் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப? எந்திரிச்சதும் வீட்ல யார் இருப்பா?" என்றுதான் தொடங்கினார். "பத்தரைக்கு. யாரும் இருக்க மாட்டாங்க" என்றான். எங்கள் வீட்டின் மொத்த வழக்கும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. தகப்பன் இல்லாத குறையை ஈடு செய்வதாக நினைத்துத் தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மாமனாகிய நான், அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

சிறாருக்கு ஜாமீன் கொடுப்பதுதான் பொதுவிதி; வெளியே விட்டால் பழைய கூட்டத்திடமே போய்ச் சேர்வான் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம். அந்தக் காரணத்தைக் காட்டித்தான் எங்கள் பையனை 23 நாள், விசாரணைக் காலத்தில் சிறார்களைத் தங்க வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் வைத்தார்கள். அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அது சரியான முடிவு.

இல்லத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், பயமும் நியாயமானதே. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த பிறகுதான், இத்தகைய இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது; அவர் 2023-இல் அறிக்கை கொடுத்தார். இந்த இல்லங்களைக் கவனிக்கும் துறையின் சமூகப் பாதுகாப்புத் துறை என்ற பழைய பெயரும் இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று மாறியிருக்கிறது. பையன் இருந்த இல்லம் எது என்று சொல்லவில்லை. அங்கே அடி விழவில்லை என்று அவன் சொன்னான், நான் நம்புகிறேன். சாப்பாடு வயிறாரக் கிடைத்தது. குளியலறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வயதையும் குற்றத்தின் தன்மையையும் பார்த்துச் சிறார்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் செல்போன் வழக்கில் வந்தவனும் கொலை வழக்கில் வந்தவனும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். இவன் அங்கே கற்றுக்கொண்ட கெட்ட வார்த்தைகளைவிட, "பெரிய கேஸ்ல" வந்தவனுக்கு மற்றவர்கள் கொடுத்த மரியாதைதான் என்னை உறுத்தியது. வீடு வந்த முதல் வாரத்தில் தன்னைப் பற்றி அவன் பேசிய தொனி வேறாக இருந்தது.

அதே இல்லத்தில்தான் அவனுக்கு ஒரு நல்லதும் நடந்தது. வாரம் இரண்டு நாள் எலெக்ட்ரிகல் வேலை கற்றுக்கொடுக்க ஒருவர் வந்திருக்கிறார். மொத்தப் பிள்ளைகளுக்கும் ஒரே பலகை. இரண்டடி ஒட்டுப்பலகையில் இரண்டு டூ-வே சுவிட்ச், ஒரு ஹோல்டர், சிவப்பும் கறுப்புமாகக் கொஞ்சம் வயர். ஒருவன் ஸ்டேர்கேஸ் வயரிங் போட்டு பல்பை எரிய வைத்ததும் அதை முழுவதும் கழற்றி அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். கழற்றிக் கழற்றித் திருகாணிகள் மறை தேய்ந்து நிற்காமல் போக, இவன் சோப்புக் காகிதத்தைச் சுருட்டி ஓட்டையில் வைத்துத் திருகியிருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு அந்த ஆசிரியர் "கை இருக்குடா உனக்கு" என்று சொன்னாராம். பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் யாரும் தன்னிடம் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டான் என்பது என் ஊகம். வெளியே வந்த இரண்டாம் நாள் என் பட்டறைப் பரணுக்கு ஏறும் படியில் மேலே ஒன்று கீழே ஒன்றாக சுவிட்ச் போட்டுக் கொடுத்தான். இன்றும் எரிகிறது. இவ்வளவு பலன் தரும் பயிற்சிக்கு இன்னும் நான்கு பலகை வாங்க ஆகும் செலவு எங்கள் பட்டறையின் ஒரு நாள் மின்கட்டணத்தைத் தாண்டாது.

இந்த முழு அமைப்பிலும் ஐந்துக்கு ஐந்து கொடுக்க வேண்டுமானால் நன்னடத்தை அலுவலருக்குத்தான் கொடுப்பேன். சிறார் பிடிபட்ட இரண்டு வாரத்துக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை ஒன்றைக் குழுமத்துக்குத் தர வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்தவர் காபியை மறுத்துவிட்டு, ரேஷன் கார்டு, வாடகை, தங்கையின் வாரக் கூலி, பையனுக்குச் சோறு போடுவது யார், அவன் கூட்டாளிகள் எங்கே கூடுகிறார்கள் என்று ஒன்றரை மணி நேரம் எழுதினார். பக்கத்து வீட்டிலும் கேட்டார், தெருமுனை டீக்கடையிலும் கேட்டார். ஆனால் எதற்காகக் கேட்கிறார் என்று இரண்டு இடத்திலும் சொல்லவில்லை. அந்த நாசூக்கு எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்பட்டிருக்காது. அவருடைய பையில் எங்களுடையதைப் போன்ற கோப்புகள் ஒரு கட்டு இருந்தன. அத்தனை வீட்டுக்கும் அவர் ஒருவரே டூவீலரில் போய் வர வேண்டும் என்பதால், மாதம் ஒருமுறை என்றிருந்த சந்திப்பு பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகிக் கடைசியில் போன் அழைப்பாகச் சுருங்கியது. அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலைக்குப் போதிய ஆட்களைப் போடாதவர்கள்மேல்தான் குறை.

விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும், வேண்டுமானால் இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்பது சட்டம். எங்களுக்கு டிசம்பரில், ஐந்தாவது வாய்தாவில் முடிந்தது. அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம் என்று குழுமம் பிறப்பிக்கக்கூடிய உத்தரவுகள் பலவகை. இவனை ஓராண்டு கண்காணிப்பில் தகுதியான நபர் ஒருவரின் பொறுப்பில் விடுவதாக உத்தரவு வந்தது. அந்தத் தகுதியான நபர் நான். பிணைமுறியில் கையெழுத்துப் போட்டபோது கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று பெயர் போடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் தெரிந்தது.

இனிமேல்தான் சேவை திக்குத் தெரியாமல் நிற்கிறது. உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து, அடுத்த நாள் காலை இவன் எங்கே போவான் என்று கவலைப்படும் பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. படித்த பள்ளியில் மறுபடி சேர்க்கக் கேட்டோம். "மத்த பிள்ளைகளோட பெற்றோர் சண்டைக்கு வருவாங்க சார்" என்று சொல்லி டி.சி.யை நீட்டினார்கள். சட்டத்தின் 24-ஆம் பிரிவு இத்தகைய வழக்கால் சிறாருக்கு எந்தத் தகுதியிழப்பும் நேரக் கூடாது என்கிறது. அதை எடுத்துச் சொன்னேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு டி.சி.யை மேசையிலேயே வைத்திருந்தார்கள். சண்டை போட்டுச் சேர்த்து, அந்த வகுப்பறையில் அவன் தினமும் தலை குனிந்து உட்கார வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை.

வழி காட்டியது மறுபடியும் நன்னடத்தை அலுவலர்தான். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும் என்ற பிரிவுகளில் வயர்மேனும் வெல்டரும் உண்டு. கோ. புதூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் என் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரம். அதன் வாசலை தினமும் கடந்து போகும் எனக்கே இது தெரியாது. 2025-இல் ஆன்லைனில் விண்ணப்பித்து வயர்மேன் பிரிவில் இடம் கிடைத்தது. கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை எல்லாம் அரசே தருகிறது. வழக்கைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் உள்ள அதே வரிசையில் அவனும் நின்றான். தனியாகப் பெயர் சூட்டிய சீர்திருத்தத் திட்டங்களைவிட இந்தப் பொது வரிசைதான் அவனுக்கு அதிகம் செய்திருக்கிறது. மாலையில் பட்டறையில் பில் எழுதுகிறான்; பதினெட்டு நிறையும் வரை மெஷின் பக்கம் விடுவதில்லை.

என் பெரிய மனக்குறை பள்ளியைப் பற்றியதல்ல. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், தாய் விதவையாகவோ கணவனால் கைவிடப்பட்டவராகவோ இருந்து, நகர்ப்புறத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கும் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பமானால், பிள்ளை தாயுடனேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கிடைக்கும். 18 வயது வரை தருவார்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதற்கு ஒப்புதல் தருகிறது. இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்தே தங்கைக்கு இந்தத் தகுதி இருந்திருக்கிறது அல்லது அதற்கு மிக அருகில் இருந்திருக்கிறாள். கைவிடப்பட்டவர் என்ற சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போய், கணவரின் முகவரியைக் கொண்டு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். முகவரி தெரிந்தால் அவள் ஏன் கைவிடப்பட்டவள் ஆகிறாள்? பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வந்தவர்களும் பகலில் பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். கடைசியில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையோடு விண்ணப்பித்தபோதுதான் அதே சான்றும் கிடைத்தது, பணமும் கணக்கில் விழுந்தது. அந்த முதல் தவணையைப் பார்த்துத் தங்கை சொன்னாள்: "இந்தக் காசு ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா நான் நைட்டு எட்டு வரைக்கும் வேலை பார்த்திருக்க மாட்டேன்லண்ணே." பையன் தவறு செய்து கோப்பு எண் ஒன்றைப் பெற்ற பிறகே அவன் வீட்டு வறுமை அரசின் கண்ணில் பட்டது.

வருமுன் காக்கும் திட்டங்கள் என்று மற்றவை சில உண்டு. காவல்துறை நடத்தும் சிறுவர் சிறுமியர் மன்றங்களில் மாலையில் கேரமும் டியூஷனும் இருக்கும். நல்ல ஆய்வாளர் இருக்கும் வரை நன்றாக நடக்கும், அவர் மாறுதலாகிப் போனால் பூட்டுத் தொங்கும். அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக 2022 செப்டம்பரில் சென்னையில் 100 பள்ளிகளில் சிற்பி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். முதல்முறை சிறை சென்ற இளைஞர்களுக்கான பறவை திட்டமும் சென்னையில் தொடங்கியதுதான். மதுரைக்காரனுக்கு அவற்றை மதிப்பிட வழியில்லை. புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பையனை இரண்டு முறை அழைத்துப் போனேன். ஏசியில் தூங்கிவிட்டு வந்தான்.

இதே நிலையில் இருக்கும் வீட்டாருக்குச் சில நடைமுறைச் செய்திகள். தகவல் வந்தவுடன் பையனின் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள். வயதை முடிவு செய்ய அதுதான் முதல் ஆவணம், அது இல்லாவிட்டால் மாநகராட்சியோ உள்ளாட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதில் ஓரிரு வயது முன்பின்னாக வர வாய்ப்புண்டு. நிலையத்தில் நீட்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தனியார் வக்கீலுக்குக் கடன் வாங்கும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், இலவசமாகவே வழக்கறிஞர் தருவார்கள். நிலையத்தில் இரவு தங்க வைத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், அன்று எனக்கு அது தோன்றவில்லை. பெரியவர்கள் உங்கள் பிள்ளையைத் தூண்டிவிட்டுக் குற்றம் செய்ய வைத்திருந்தால், அது சட்டத்தின் 83-ஆம் பிரிவில் அவர்கள்மேல் தனிக் குற்றம், ஏழாண்டு வரை சிறை உண்டு. அதை நீங்கள் கேட்காமல் யாரும் வழக்கில் சேர்க்க மாட்டார்கள். வழக்கு முடிந்து மேல்முறையீட்டுக் காலமும் கழிந்தபின் பதிவேடுகள் அழிக்கப்பட வேண்டும் என்பது விதி. எங்கள் பையனுக்கு அழித்துவிட்டார்களா என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன்.